ஒளி புகும் தோல் போர்த்திய மாடல் விமானம்: அந்த ஃபிலிம் என்னதான் செய்கிறது?

மாடல் விமானம் விடுகிற மைதானத்துக்கு ஒளி ஊடுருவும் இறக்கையோடு ஒருவர் வந்துவிட்டால் போதும், கூட்டம் கூடிவிடும். வெயிலுக்கு எதிரே அது சாய்ந்து திரும்பும்போது உள்ளே இருக்கும் மரச்சட்டம் முழுக்க மீன்முள் மாதிரி தெரியும். உடனே கேள்விகளும் வரும். இது சாப்பாடு சுற்றுகிற பிளாஸ்டிக்கா, காற்றில் கிழியாதா, பெயிண்ட் அடிக்கச் சோம்பலா? இதெல்லாம் புதியவர்கள் கேட்பது, தப்பில்லை. ஆனால் பல வருடம் மாடல் கட்டியவர்களே "அது சும்மா அலங்காரம், பலமெல்லாம் மரத்தில்தான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மெல்லிய ஃபிலிமை உரித்துவிட்டு அதே இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுகும். அப்புறம் அலங்காரம் என்று சொல்ல மனசு வராது.

நிஜமாகப் பறந்த ஒரு விமானத்தின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கட்டுவதுதான் ஸ்கேல் மாடல். நாலில் ஒரு பங்கு ஸ்கேல் என்றால், நிஜத்தில் 4 மீட்டர் இருப்பது மாடலில் 1 மீட்டர். சட்டத்தின் மேல் போர்த்துகிற தோலுக்குப் பெயர் கவரிங். அதில் பல வகை உண்டு. நான் பேசப்போவது சூட்டில் ஒட்டி, சூட்டில் இறுகுகிற பாலியெஸ்டர் ஃபிலிமைப் பற்றி. மோனோகோட், ஒராகவர் என்று பெயர் சொல்லி வாங்குவது இந்த வகைதான்.

குடை, செருப்புப் பெட்டி, நாலு குச்சி

ஒரு பழைய குடையின் துணியைக் கழற்றிவிட்டு வெறும் கம்பிகளை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் தன் இஷ்டத்துக்கு ஆடும். துணி இருக்கும்போது அது ஒவ்வொரு கம்பியையும் பக்கத்துக் கம்பியோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் துணிக்குச் சொந்தமாக விறைப்பே கிடையாது, மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம். இழுபட்டு நிற்கும்போது மட்டும் அதற்குப் பலம் வந்துவிடுகிறது.

அடுத்தது செருப்புப் பெட்டி. மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் சுலபமாக வளைந்துகொடுக்கும். மூடியை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுத் திருகுங்கள், அவ்வளவு லேசில் அசையாது. மூடிக்குப் பதிலாக ஒரு காகிதத்தை இறுக்கமாக ஒட்டினாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

காகிதத்துக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு? நாலு குச்சிகளை மூலைக்கு ஒரு ஆணி அடித்துச் சதுரமாக்குங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும், சாயும்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கான தூரம் கூடும், மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையிலான தூரம் குறையும். தூரம் கூடப்போகிற அந்த இரண்டு மூலைகளுக்கு நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டிவிட்டால், நூல் நீள மறுக்கும், சதுரமும் சாயாது. எதிர்ப்பக்கம் தள்ளினால் நூல் தொய்ந்துபோகும், அதற்கு மறுகுறுக்கில் இன்னொரு நூல்.

இப்போது இறக்கைக்கு வருவோம். மாடல் இறக்கையின் சட்டம் பெரும்பாலும் பால்சா என்கிற இலேசான மரத்தில் இருக்கும். முன்னிருந்து பின்னாக, இறக்கையின் வடிவத்திலேயே வெட்டி வரிசையாக நிற்கவைத்த பலகைகளுக்கு ரிப் என்று பெயர், விலா எலும்பு மாதிரி. அவற்றை நீளவாக்கில் கோத்துச் செல்லும் முதுகுத்தண்டு ஸ்பார். இரண்டு ரிப்புக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு கட்டமும் அந்த நாலு குச்சிச் சதுரம்தான், அதன் மேல் இறுகிய ஃபிலிம் எல்லாத் திசையிலும் நெருக்கமாகக் கட்டிய நூல்தான். மேலும் கீழும் ஃபிலிம் போர்த்தியதும் திறந்த பெட்டி மூடிய பெட்டியாகிவிடுகிறது.

ஆக இதுவரை: இறக்கை மேல்நோக்கி மடங்காமல் பார்த்துக்கொள்வது ஸ்பாரின் வேலை, முறுகாமல் பார்த்துக்கொள்வதில் ஃபிலிமுக்குப் பெரிய பங்கு. தொய்ந்த ஃபிலிம் என்பது கட்டாத நூல், அது எந்த வேலையும் செய்யாது. ஒரு திருத்தம் மட்டும். இறக்கையின் முன்பகுதியை மெல்லிய பால்சாத் தகட்டால் மூடிக் குழாய் மாதிரி கட்டிய மாடல்களில் முறுக்கைப் பெரும்பாலும் அந்தக் குழாயே தாங்கிவிடும், ஃபிலிமின் சுமை குறையும்.

சூடு பட்டால் விரியத்தானே வேண்டும்?

ஆமாம், பெரும்பாலான பொருட்கள் விரியும். இந்த ஃபிலிம் ஏன் சுருங்குகிறது என்பதற்கு அது தயாரான கதையைப் பார்க்கவேண்டும். ஒரு ரப்பர் பேண்டை நன்றாக இழுத்துப் பிடித்து, அந்த நிலையிலேயே மெழுகில் உறைய வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகு கெட்டியாக இருக்கும்வரை ரப்பர் நீண்டே கிடக்கும், மெழுகு இளகினால் விசுக்கென்று பழைய நீளத்துக்கு ஓடும். பாலியெஸ்டர் ஃபிலிமைத் தொழிற்சாலையில் சூடாக இருக்கும்போதே நீளத்திலும் அகலத்திலும் இழுத்துக் குளிரவைக்கிறார்கள். அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நிமிர்ந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. நாம் இஸ்திரிப் பெட்டியை வைக்கும்போது அவற்றுக்கு நகர இடம் கிடைக்கிறது, பழையபடி சுருண்டுகொள்ளப் பார்க்கின்றன. ஆனால் ஃபிலிமின் ஓரங்கள் மரத்தில் ஒட்டியிருப்பதால் முழுசாகச் சுருங்க வழியில்லை. சுருங்க நினைத்துச் சுருங்க முடியாமல் நிற்கிற அந்த இழுவிசைதான் நமக்கு வேண்டிய நூல்.

இதில் இரண்டு வெப்பநிலைகள் முக்கியம். ஃபிலிமின் அடியில் பூசியிருக்கும் பசை இளகுவது ஒன்று, அது பல ரகங்களில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஃபிலிம் நன்றாகச் சுருங்குவது இன்னொன்று, 150 டிகிரி அளவில். ரகத்துக்கு ரகம் மாறும், சுருளோடு வரும் தாளைப் படித்தே ஆகவேண்டும். முதலில் குறைந்த சூட்டில் ஓரங்களை மட்டும் சுற்றிலும் ஒட்டி முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் சூட்டை ஏற்றி நடுப்பகுதியை இறுக்கவேண்டும். வரிசையை மாற்றினால் ஒட்டாத ஓரம் உருவிக்கொண்டு வந்துவிடும்.

சுருக்கம் தோன்றினால் இன்னும் சூடு கொடு என்பார்கள், அதுவும் பாதிதான் சரி. ஃபிலிமிடம் இருக்கும் சுருங்கும் திறன் ஒரு கையிருப்பு மாதிரி, செலவழிக்கச் செலவழிக்கத் தீரும். முதல் நாளே உச்சச் சூட்டில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால், பிறகு மரம் காய்ந்து ஃபிலிம் தொய்யும்போது இறுக்குவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பால்சா ஈரத்தை இழுத்துக்கொண்டு ஊதும், காற்று உலர்ந்தால் சுருங்கும், அதனால் எவ்வளவு நேர்த்தியாகப் போர்த்தினாலும் ஃபிலிம் எப்போதாவது தொய்யத்தான் செய்யும்.

இந்த ஃபிலிம்கள் வருவதற்கு முன்னால் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டி, தண்ணீர் தெளித்து உலரவைத்து இறுக்கி, மேலே டோப் என்கிற செல்லுலோஸ் வார்னிஷைப் பூசுவார்கள். இன்றும் செய்கிறார்கள், சின்ன மாடல்களுக்கு அதுதான் இலேசு. உள்ளரங்கில் பறக்கும் எஃப்1டி வகை மாடல்களில் தோல் இறுக்கமாகவே இருக்காது, அவற்றின் குறைந்தபட்ச எடையே, மோட்டாராக முறுக்கிவிடும் ரப்பரை விட்டுவிட்டால், 1.4 கிராம்தான், நீண்ட நேரம் சுற்றும். அது வேறு உலகம்.

எதையும் மறைக்காத ஃபிலிம்

ஒளி புகாத ஃபிலிமில் நிறத்தைக் கொடுப்பது நிறமித் தூள், அது ஒளியைத் தடுத்துவிடும். ஒளி புகும் ரகத்தில் சாயம் மட்டும் கரைந்திருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. நிறமி இல்லாததால் எடை கொஞ்சம் குறைவு. பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, பலம் வருவது பாலியெஸ்டரிலிருந்துதான். எனவே தெளிவாக இருப்பதால் பலவீனம் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

வம்பு வேறு இடத்தில். என் முதல் ஒளி புகும் இறக்கையில் ஸ்பாரின் மேல் பென்சிலால் "இது மேல்பக்கம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். எழுதியதை மறந்து மஞ்சள் ஃபிலிமைப் போர்த்திவிட்டேன், பத்தடி தூரத்திலிருந்து படிக்கலாம். பல பேர் படித்தார்கள். அதன்பிறகு போர்த்துவதற்கு முன்னால் சட்டத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்க்காமல் எதுவும் செய்வதில்லை.

பசை வழிந்து காய்ந்த கறை, பிளவை அடைத்த பூச்சு, கருப்போடிய மரம், உப்புத்தாள் தேய்த்த தூசி எல்லாமே வெளியே தெரியும். தூசி கண்ணுக்குக் கெடுதல் என்பதோடு நிற்காது, பசைக்கும் மரத்துக்கும் நடுவில் புகுந்து ஒட்டவிடாமல் செய்யும். அதனால் துடைத்தால் போதாது, உறிஞ்சி எடுக்கவேண்டும். பார்வைக்குப் படும் ரிப்புகளுக்கு ஒரே நிறமுள்ள பால்சாவைப் பொறுக்கி வைப்பேன், இது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு துண்டு ஃபிலிம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நிறம் இரட்டிப்பாகி இருண்ட கோடு தெரியும். அதைத் தவிர்க்க முடியாது, ஒளித்துவைக்கத்தான் முடியும். 5 மில்லிமீட்டர் அளவுக்கு மேலேற்றி, அந்த ஏற்றம் சரியாக ஒரு ரிப்பின் மேலோ ஸ்பாரின் மேலோ விழும்படி வெட்டினால் கோடு மரத்தின் நிழலோடு கலந்துவிடும். திறந்த வெளியில் ஃபிலிமோடு ஃபிலிமை ஒட்டினால் அது பலத்துக்கும் நல்லதில்லை. அடிப்பக்கத்தை முதலில் போர்த்திவிட்டு மேல்பக்கத்தை அப்புறம் போர்த்தினால் ஓரத்தில் வரும் மேலேற்றத்தின் விளிம்பு கீழே போய்விடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கட்டங்கள் முழுதாக மூடியிருந்தால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஃபிலிமை பலூனாக ஊதும், நீங்கள் இறுக்க இறுக்க அது எதிர்த்துத் தள்ளும். போர்த்துவதற்கு முன்பே ஒவ்வொரு ரிப்பிலும் சின்னத் துளை போட்டு, காற்று கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்து கடைசியில் உடல்பகுதி வழியாக வெளியேற வழி விடவேண்டும்.

முறுக்கு: எதிரியும் அதுதான், கருவியும் அதுதான்

இறுகும் ஃபிலிமுக்கு நேர் கோணல் தெரியாது. மேல்பக்கத்தை மட்டும் முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது இறக்கை வில்லாக வளைந்திருக்கும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இடையிடையே சமதளப் பலகையில் வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் என்றுதான் போகவேண்டும்.

வளைந்துபோனதை நேராக்குவதும் அதே ஃபிலிம்தான். இறக்கையைக் கையால் எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டால் ஃபிலிமில் ஒரு திசையில் சுருக்கங்கள் விழும். அந்தச் சுருக்கங்கள் போகும்வரை சூடு கொடுத்து, ஆறும்வரை பிடியை விடாமல் இருந்தால் இறக்கை புதிய வடிவத்தில் நின்றுவிடும். தளர்ந்த நூலை இழுத்து மறுபடி முடிச்சுப் போட்ட மாதிரி.

இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. விமானம் மெதுவாகும்போது ஒரு கட்டத்துக்கு மேல் மூக்கைத் தூக்கினால் இறக்கையின் மேல் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு தூக்குவிசை சட்டென்று விழும், இதுதான் ஸ்டால். இறக்கையின் நுனி முதலில் ஸ்டால் ஆனால் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுழலும். நுனியின் பின்விளிம்பை 2 டிகிரி அளவுக்கு மேலே தூக்கி முறுக்கி வைத்தால், நடுப்பகுதி ஸ்டால் ஆகும்போதும் நுனி காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த முறுக்குக்கு வாஷவுட் என்று பெயர். ஒரு இறக்கையில் 2 டிகிரி, இன்னொன்றில் தலைகீழாக 1 டிகிரி என்று தெரியாமல் அமைந்துவிட்டால் அந்த மாடல் தரையிறங்கும்போது பழிவாங்கும்.

சுருங்கச் சொன்னால், இறுக்கம் எவ்வளவு என்பதைவிட இரண்டு பக்கமும் சமமா என்பதுதான் கேள்வி.

எடை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

நிஜ விமானங்களில் பைப்பர் ஜே-3 கப் என்ற ரகத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கை 10.7 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 16.6 சதுர மீட்டர், முழுச்சுமையோடு எடை சுமார் 550 கிலோ. ஸ்டால் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில். நாலில் ஒரு பங்கு ஸ்கேலில் நீளம் நாலால் வகுபடும், 2.7 மீட்டர். பரப்பு 16-ஆல் வகுபடும், 1 சதுர மீட்டரை ஒட்டி வரும். கன அளவும் அதனோடு எடையும் 64-ஆல் வகுபடவேண்டும், அப்படியானால் 8.6 கிலோ. எடை பரப்பைவிட நாலு மடங்கு வேகமாகக் குறைந்ததால் ஒவ்வொரு சதுர மீட்டரும் தூக்கவேண்டிய சுமை கால் பங்காகிவிட்டது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே ஸ்டால் வேகம் பாதியாகும்: 30.

பாதி போதுமா? மாடல் கால் பங்கு அளவுதான் என்பதால், கண்ணுக்கு நிஜ கப் மாதிரி தெரிய அது 15-இல் மிதக்கவேண்டும். 30-இல் வந்தால் நிஜத்தைவிட இரண்டு மடங்கு அவசரத்தில் இருப்பதாகத் தோன்றும். எல்லாம் அளவுப்படி இருக்கிறதே, பறப்பது மட்டும் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்று பலர் குழம்புவது இங்கேதான். 15-க்கு இறங்க எடை 2.2 கிலோவுக்குள் வரவேண்டும், மோட்டாரும் பேட்டரியும் சக்கரமும் வைத்து அது நடக்காது. 6 கிலோவுக்குக் கொண்டுவந்தால் 25, அது பரவாயில்லை.

இந்தக் கணக்கில் ஃபிலிமின் இடம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. சாதாரண ஃபிலிம் சதுர மீட்டருக்கு 60 முதல் 70 கிராம், இலேசான ரகங்கள் 40-ஐ ஒட்டி. இந்த கப்பை முழுதும் போர்த்த மூன்றரை சதுர மீட்டர் என்று வைத்தால் வித்தியாசம் 70 முதல் 105 கிராம். அது இறக்கையில் இருந்தால் கவலைப்படமாட்டேன். வாலில் இருந்தால்தான் தொல்லை, வால் தூரத்தில் இருப்பதால் அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்கவேண்டி வரும்.

நிஜத்திலும் இருந்தவை

ஸ்கேல் மாடலுக்கு ஒளி புகும் ஃபிலிம் பொருந்துமா என்றால், எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. உலோகத் தகடு போர்த்திய போர் விமானத்துக்குப் பொருந்தாது, அது ஒரு எக்ஸ்ரே படம் மாதிரி அழகாக இருக்கலாம், ஸ்கேல் ஆகாது. ஆனால் 1930-களின் ஜெர்மன் மரக் கிளைடர்களில் மினிமோவா போன்றவற்றின் துணிக்கு நிறமில்லாத டோப் மட்டும் பூசுவது வழக்கம், வெயிலில் ரிப்புகள் அப்படியே தெரியும். 1979 ஜூன் 12-இல் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த காசமர் அல்பட்ராஸ் என்ற விமானம் போர்த்தியிருந்ததும் மைலார் என்ற தெளிந்த பாலியெஸ்டர் ஃபிலிம்தான், நம் ஃபிலிமின் ரத்த சொந்தம்.

சுவாரசியமானது முதல் உலகப்போர்க் கதை. கண்ணுக்குத் தெரியாத விமானம் வேண்டும் என்று ஜெர்மானியர்கள் ஃபோக்கர் ஈ.III உட்படச் சில விமானங்களுக்கு செல்லான் என்ற தெளிந்த செல்லுலோஸ் அசிட்டேட் தகட்டைப் போர்த்திப் பார்த்தார்கள். மறைவதற்குப் பதிலாக அவை வெயிலில் பளபளவென்று மின்னிக் காட்டிக்கொடுத்தன, ஈரத்தில் தோல் தொய்ந்தும் போனது.

மேலே போன பிறகு

அந்தப் பளபளப்பும் மறைவும் நம் மாடலிலும் உண்டு, இரண்டும் தப்பான நேரத்தில் வரும். கையில் ரேடியோ ரிமோட்டோடு தரையில் நிற்பவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: இப்போது விமானத்தின் மேல்பக்கம் தெரிகிறதா, அடிப்பக்கம் தெரிகிறதா? ஒளி புகாத இறக்கைக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் கொடுத்துப் பிரித்துவிடலாம். ஒளி புகும் இறக்கையில் மேல்நிறமும் கீழ்நிறமும் கலந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கொடுத்தால் ஆகாயத்தில் இரண்டு பக்கமும் சிவப்புதான்.

நான் அந்த மஞ்சள் இறக்கையை ஒரு மாலையில் சூரியனுக்குக் கிட்டே திருப்பினேன். என்னை நோக்கிச் சாய்கிறதா விலகிச் சாய்கிறதா என்று ஒரு நொடி தெரியவில்லை, தப்பாக ஊகித்து எதிர்ப்பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினேன், புல் உயரமாக இருந்ததால் ஒரு பக்கச் சக்கரமும் இரண்டு கட்டத்து ஃபிலிமும்தான் போனது. கிழிந்த ஃபிலிமை ரிப் வரைக்கும் வெட்டி எடுத்து, ஓரத்தை ஆல்கஹாலால் துடைத்து, மரத்தின் மேல் ஏறும்படி புதுத் துண்டு ஒட்டினேன். மரத்தில் முடியாத ஒட்டுக்கு மட்டும் மூலைகளை வட்டமாக வெட்டவேண்டும், கூர்மூலையிலிருந்து உரிய ஆரம்பிக்கும்.

கூடவே அடிப்பக்கத்தில் கையகலத்துக்கு இரண்டு ஒளி புகாத கறுப்புப் பட்டைகள் போட்டேன். வலது இறக்கையில் நுனியோடு ஒன்றும் இடது இறக்கையில் நடுவில் ஒன்றும், இரண்டு பக்கமும் சமமில்லாதபடி. வெயிலில் கறுப்பு மற்ற இடத்தைவிடச் சூடாகித் தொய்யும், அதனால் திறந்த கட்டங்களின் மேல் போடாமல், பால்சாத் தகடு மூடியிருந்த பகுதிகளின் மேல்மட்டும் ஒட்டினேன். "இது மேல்பக்கம்" எழுத்து இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அதை எடுக்க வேண்டுமானால் முழு ஃபிலிமையும் உரிக்கவேண்டும்.